ஊமையண்ணன் ரூம்

"கட்டை வெரல மட்டும் விட்டுருங்கண்ணே" என்றாள் மீனம்மா.

கிழித்த வெள்ளைத் துணியோடு குனிந்திருந்த நல்லமுத்து தங்கையை நிமிர்ந்து பார்த்தார். மச்சானின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் ஒரு முடிச்சும் போட்டாயிற்று. கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்து, கட்டை விரல்களுக்குத் துணியைச் சுற்றப் போகும்போதுதான் அவள் இப்படிச் சொன்னாள்.

"கட்டாம எப்படி விடுறது? கை விரிஞ்சி போயிரும்ல."

"வலது கை வெரலு எனக்கு வேணும்."

லயத்து வரிசை வீட்டின் அந்தக் காம்பராவுக்குள் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவன் போன துக்கத்தில் பேச்சு தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார்கள். நல்லமுத்துவும் அப்படித்தான் நினைத்தார். "சரி, சரி, நீ அங்கிட்டு ஒக்காரு" என்று சொல்லிவிட்டு, விரல்கள் நோகும் என்பதுபோல மெதுவாகச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சை இனிக் குழிமேட்டில்தான் அவிழ்ப்பார்கள். அது மீனம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் கேட்டாள்.

இராமையா விடியற்காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டு மணி அடிப்பதற்கு முன்னால் போனார். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் காலமெல்லாம் தூள் சலிக்கிற பக்கம் நின்ற மனிதர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கி, மூன்று வாரமாக அவரை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கேதம் சொல்ல ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள். ஒருவன் வலப்பனைப் பக்கம், ஒருவன் கினிகத்தேனைக்கு, இன்னொருவன் பக்கத்துத் தோட்டங்களுக்கு. போனில் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போனிலும் சொல்வார்கள், ஆளும் போவான். ஆள் வந்து சொல்லாத சாவுக்கு வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு, அதைப் பத்து வருஷம் மனதில் வைத்திருந்து ஒரு கல்யாண வீட்டில் எடுத்துப் போட்டுச் சண்டை பிடிக்கிற ஜனங்கள் நாம். ஆகவே ஒன்றுவிட்ட சித்தப்பன் மகன்வரைக்கும் சொல்லியாயிற்று. சொல்லாமல் நின்றது ஒரே ஓர் ஆளுக்கு, பெற்ற பிள்ளைக்கு.

சுமன் கட்டாரில் இருந்தான். கட்டாரில் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அனுப்பி வைத்த ஏஜென்சிக்கு நல்லமுத்து காலையிலேயே பேசினார். அந்தக் கம்பெனியை விட்டு மாறிவிட்டானாம். பழைய நம்பர் செத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, ஹட்டனில் இருக்கிற கூட்டாளிக்கும் அந்த நம்பர்தான் தெரியும்.

இப்படி ஆனதற்குக் காரணமே ஒரு போன்தான். ஹட்டனில் கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன் வேலையை விட்டுவிட்டு, இரவும் பகலும் துப்பாக்கியால் சுடுகிற ஏதோ ஒரு விளையாட்டில் கிடந்தான். இராமையா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைப்படியில் ஊரே தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கித் துணி துவைக்கிற கல்லில் அடித்தார். சுமன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவன்தான், அப்படியே ஏஜென்சி பிடித்துக் கட்டாருக்கும் போய்விட்டான். அவன் பேசாமல் போனதுதான் இராமையாவைத் தின்றது. அடித்த கையைப் பார்த்துக்கொண்டு வாசல் பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் ரோஷம் ஒரே அளவில் இருந்தது, அது அப்பனிடமிருந்து மகனுக்கு வந்ததுதானே.

பிறகு ஒருநாள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் சுமனின் கூட்டாளி துஷாந்த் அவரைப் பார்த்தான். "சுமன் நல்லா இருக்கான் மாமா. வீட்டோட பேச மாட்டான். ஆனா வெளக்கு வைக்கிற நேரமானா கேம் ரூம்ல இருப்பான்" என்றான். இராமையா நேரே ஸஃப்வானின் போன் கடைக்குப் போனார். எந்தச் சனியனைக் கல்லில் அடித்தாரோ அதே சனியனை வாங்கி, அதே விளையாட்டை அதில் போட வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ரூம் என்றால் கதவும் ஜன்னலும் உள்ள அறை இல்லை. போனுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள், ஒவ்வொரு படமும் ஒரு பையன். கொழும்பில் ஒருவன், திம்புள்ளயில் ஒருவன், துபாயில் ஒருவன் என்று எங்கெங்கேயோ இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் அதற்குள் கூடி விளையாடுவார்கள், கதைப்பார்கள். யார் பேசுகிறானோ அவன் படத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் ஒளிரும். சுமனின் படம் ஒரு கழுகு. முதல் நாள் கழுகைச் சுற்றிப் பச்சை வந்து, "டேய், பின்னால பாருடா" என்று அவன் குரல் கேட்டபோது மீனம்மா கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

இராமையா அங்கே வாயைத் திறக்கவில்லை. பேசினால் குரல் தெரிந்துவிடும், தெரிந்தால் மகன் போய்விடுவான் என்று பயம். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எழுதுவார். பையன்கள் அவருக்கு ஊமையண்ணன் என்று பேர் வைத்தார்கள். வயது யாருக்கும் தெரியாது. விளையாட்டும் வரவில்லை. துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிப்பதற்குள் எவனாவது சுட்டுவிடுவான். "இன்னைக்கும் நான்தான் மொதல்ல செத்தேன்" என்று மீனம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

விளையாடாமல் சும்மா இருப்பவர்களை அந்த ரூம் கொஞ்ச நேரத்தில் வெளியே தள்ளிவிடும். சும்மா இருந்தும் உள்ளேயே இருக்கலாம் என்றால் அதற்கு மொடரேட்டராக வேண்டும். விளக்கு வைக்கிற நேரம் ரூமைத் திறக்க வேண்டும், கதவைத் தட்டுகிறவனை உள்ளே விட வேண்டும், தூஷணம் பேசுகிறவனை எச்சரிக்க வேண்டும், மூன்று தடவைக்கு மேல் போனால் ஒருநாள் அவன் வாயை அடைக்க வேண்டும். சம்பளம் கிடையாது. ரூமை ஆரம்பித்த மட்டக்களப்புப் பையன் யார் பார்ப்பீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் நழுவினார்கள். ஊமையண்ணன் மட்டும் 'நான் பார்க்கிறேன்' என்று எழுதினார். அறுபது வயதில் இராமையா மொடரேட்டர் ஆனது இப்படித்தான்.

"சம்பளமில்லாத பெரட்டுக்குப் போறீங்க" என்று மீனம்மா கேலி செய்வாள். ஆனால் கொழுந்துக் கூடையை இறக்கி, முகம் கழுவியதும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். மகன் குரல் அங்கேதான் இருந்தது.

ஒருநாள் கழுகே தூஷணம் பேசியது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். இராமையா அதன் வாயை அடைத்தார். "மத்தவன் பிள்ளைக்கு ஒரு நாயம், என் பிள்ளைக்கு ஒரு நாயமா?" என்றார். நியாயம் பேசிவிட்டு இரவு சாப்பிடாமல் படுத்தார். அடுத்த நாள் முழுக்க மகன் குரல் கேட்காத கோபத்தில் மீனம்மாவும் அவரோடு பேசவில்லை.

இன்னொரு நாள் அடைமழை. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது விரல் தவறி மைக் திறந்துகொண்டது. அதே நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. பதறிப்போய் அணைத்துவிட்டு இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுகு ஒன்றும் சொல்லவில்லை. "மழைச் சத்தத்துல கேட்டிருக்காது" என்றாள் மீனம்மா. "கேட்டிருக்காது" என்றார் அவர். மறுநாள் முதல் ஆளாகக் கதவைத் தட்டியது கழுகுதான். அப்பாடா என்று இருந்தது இருவருக்கும்.

அந்தப் போன் இப்போது தலையணைக்கு அடியில் கிடந்தது. இரண்டு நாளாக அவருக்கு நினைவு இல்லை, ரூமும் திறக்கவில்லை. போனைத் திறக்க அவர் வலது கட்டை விரல் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நம்பர். அந்த நம்பரை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மத்தியானம் பெண்கள் தேத்தண்ணி குடிக்கப் பக்கத்துக் காம்பராவுக்குப் போனதும் மீனம்மா அண்ணன் மகள் லோஜினியைக் கூப்பிட்டாள். பாலர் பள்ளியில் படிப்பிக்கிற பெண். மாமாவின் ரகசியம் தெரிந்த மூன்றாவது ஆள் அவள் மட்டும்தான்.

"வேற போன்ல அந்த ரூமுக்குப் போக முடியாதா புள்ள?"

"உள்ள விடுறதே மாமாதானே அத்தை. அவரு திறந்தாத்தான் ரூம்."

மீனம்மா எழுந்து, இஸ்தோப்பில் பாடைக்கு மூங்கில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனை உள்ளே அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நல்லமுத்து கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தார்.

"ரெண்டு வருசமா அவன் கொரல கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. தாய்மாமன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"வெளிய தெரிஞ்சா அவன் காதுக்குப் போயிரும்னு அவருக்குப் பயம்ணே."

"அதுக்காக, கட்டுன கட்ட நடு வீட்டுல அவுக்குறதா? நம்ம வழக்கத்துல இல்லாதது மீனம்மா."

"மகனுக்குச் சொல்லாம மண்ணு போடுறது வழக்கத்துல இருக்கா?"

நல்லமுத்து சுவரை விட்டு நிமிர்ந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, மச்சானின் தலைமாட்டு விளக்கைக் கும்பிட்டு, தானே முடிச்சை அவிழ்த்தார். லோஜினி போனை எடுத்து அந்த விரலின் கீழே வைத்தாள். போன் திறக்காமல் ஒரு தரம் உதறியது. விரலைத் துணியால் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் உதறியது. உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துச் சூடு காட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் இல்லை.

"உசிரில்லாத வெரல எடுக்காது போலருக்கு அத்தை." அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு தடவ தப்பினா நம்பரத்தான் கேக்கும். அப்புறம் ஒண்ணுஞ் செய்ய முடியாது."

நல்லமுத்து யாரையும் திட்டவில்லை. துணியை எடுத்து மறுபடி கட்டக் குனிந்தார். மீனம்மா அதை வாங்கித் தானே கட்டினாள். கட்டும்போதுதான், காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு வந்தது. அவர் விரல் முடிச்சை அவிழ்க்க வைத்தோமே, அதுவும் வீணாய்ப் போயிற்றே என்று அழுதாள். அண்ணன் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அழுகை அடங்குகிற நேரம் லோஜினி கேட்டாள்.

"உங்க வெரல வச்சுப் பாத்தீங்களா அத்தை?"

"என் வெரலையா?"

மீனம்மாவுக்குச் சிரிப்புக்கூட வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். தோட்டத்து ஒப்பிசில் முன்பு பேர் பதிய விரல் மெஷின் ஒன்று வைத்தார்கள். கங்காணியின் விரலை எடுத்தது, கிளாக்கரின் விரலை எடுத்தது, கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒருத்தியின் விரலையும் எடுக்கவில்லை. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளுகிற விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கறையும் வெடிப்பும்தான். கடைசியில் பழையபடி பெரட்டில் பேர் கூப்பிடுகிற வழக்கத்துக்கே வந்தார்கள். அந்த மெஷினுக்கு ஆகாத விரல் எந்த மெஷினுக்கும் ஆகாது என்று மீனம்மா முடிவு கட்டி வெகுகாலமாகிறது.

இராமையா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் அவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பத்து விரலையும் அழுத்திப் பார்த்தார். ஒன்றையும் எடுக்கவில்லை. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, இருப்பதில் தேய்வு குறைந்த இடது மோதிர விரலை ஊற வைத்துத் துடைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தினார். ஒரு வழியாகப் போன் அதைப் பதிந்துகொண்டது. அவருக்குப் பிடிபடாத சந்தோஷம். மறுநாள் அவள் கொழுந்து எடுக்க மலைக்குப் போய் வந்து வைத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. "விடுங்க. உங்க போனுக்கு நான் ஆகாதவ" என்று எழுந்து போனாள்.

"நான் இல்லாட்டியும் நீ அவன் கொரல கேக்கணும்ல" என்று அவர் பின்னாலிருந்து சொன்னார். அது காதில் விழாத மாதிரி அடுப்பை ஊதினாள். அப்படிப்பட்ட பேச்சு அவளுக்குப் பிடிக்காது.

இப்போது இடது கையை விரித்துப் பார்த்தாள். மூன்று வாரமாக மலைக்குப் போகவில்லை. காலையும் மாலையும் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி அவர் நெஞ்சில் தேய்த்துக்கொண்டே இருந்த கை. வெடிப்பெல்லாம் மூடியிருந்தது, கறை வெளுத்திருந்தது. மோதிர விரலின் நுனியில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அவளே அவற்றை முன்பு பார்த்ததில்லை.

முந்தானையால் விரலைத் துடைத்துப் போனின்மேல் வைத்தாள். போன் உதறவில்லை, திறந்துகொண்டது.

"அண்ணே" என்று போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"இப்ப வேணாம் அத்தை" என்றாள் லோஜினி. "அங்க இப்ப வேலை நேரமா இருக்கும். மாமா திறக்கிற நேரத்துக்கே திறப்போம். அதுவரைக்கும் மூடாம நான் கையில வச்சிருக்கேன்."

மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கி, லயத்துக் கூரைகள்மீது பனி வந்து படியும் நேரம் லோஜினி ரூமைத் திறந்தாள். அது திறந்தால் எல்லோருடைய போனிலும் மணி அடிக்குமாம். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கதவு தட்டப்பட்டது. முதலில் வந்தது கழுகு. பின்னால் ஒரு புலி, ஒரு மோட்டார் சைக்கிள், நடிகர் படம் ஒன்று என்று வரிசையாக வந்தார்கள்.

"ஊமையண்ணே, ரெண்டு நாளா எங்க போனீங்க?"

"செத்துட்டீங்கன்னு நாங்க நெனைச்சோம்" என்று ஒருவன் சிரித்தான்.

"டேய், சும்மா இருடா" என்றது இன்னொரு குரல். மீனம்மாவுக்கு அது யார் குரல் என்று தெரியும்.

லோஜினி மைக்கைத் திறந்து போனை அத்தையின் கையில் கொடுத்தாள். என்ன சொல்வது என்று மத்தியானம் முழுக்க யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. கேதம் சொல்லப் போகிற ஆள் வாசலில் நின்று சொல்வதுதான் நினைவுக்கு வந்தது.

"தம்பிமாரே, நான் ஊமையண்ணன் வீட்டுக்காரி பேசுறேன். அவரு இன்னைக்கு விடியக்காலையில தவறிட்டாரு. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியாச்சு. சுமன், ஒனக்குத்தாய்யா ஆள் அனுப்ப வழி தெரியல. அதான் நானே வந்தேன்."

வெளியே யாரோ நாற்காலிகளை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கழுகைச் சுற்றிப் பச்சை வட்டம் வந்தது, பேச்சு வரவில்லை. மூச்சுதான் வந்தது. வட்டம் அணைந்து மறுபடி வந்தது.

"ரெண்டு நாளா அப்பா ரூம் திறக்கலையேன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா" என்றான் சுமன்.

மீனம்மா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நல்லமுத்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே போனார்.

"நாளைக்குள்ள என்னால வர முடியாதும்மா. விட மாட்டாங்க."

"தெரியும்யா."

"போன அப்பா பக்கத்துல வையி. மூடிறாத."

தலைமாட்டில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மற்றப் பையன்கள் யாரும் வெளியேறவில்லை. ஒருவன் பின் ஒருவனாகத் தங்கள் மைக்கை மட்டும் அணைத்துக்கொண்டார்கள். கழுகு ஒன்றுக்குத்தான் பச்சை இருந்தது.

கொஞ்ச நேரத்தில் லோஜினி பக்கத்துக் காம்பராவிலிருந்து ஜன்னல் வழியாக நீளமான வயர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். கேதத்துக்கு வந்திருந்த பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை.

மீனம்மா விளக்கின் திரியைத் தூண்டி எண்ணெய் ஊற்றினாள். பிறகு குனிந்து, போனில் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தாள்.